வெறுங்காவலும் ஒரு கொட்டைப்பாக்கும்

திட்டாதீங்க அண்ணாச்சி. டிரைவரத் திட்டுங்க, கவர்மெண்டத் திட்டுங்க, மனசு ஆறாட்டி என்னையக்கூட ரெண்டு வார்த்தை திட்டிக்கிடுங்க. ரோட்டுல காயுற தானியத்த மட்டும் திட்டாதீங்க. கம்மங்கதிரு மேல ஏறி இறங்குதுல்ல, அதான் பஸ்ஸு இந்தக் குலுக்குக் குலுக்குது. நாம ஒரு தடவை ஏறி இறங்குனா அந்தப் பொம்பளைக்கு அரை நாள் அடிப்புக் கூலி மிச்சம். புண்ணியம்னு நெனச்சுக்கிட்டு கம்பியப் பிடிச்சு உக்காருங்க.

என்னது? ரோட்டுல காயப்போடுறவனப் பிடிச்சு உள்ள போடணுமா? சரியாச் சொன்னீங்க. போட்டாங்களே! என்னையத்தான் போட்டாங்க. போன வருசம், இதே மாசி மாசம்.

அட, ஏன் தள்ளி உக்காருதீங்க? நான் கோவக்காரன் இல்ல அண்ணாச்சி. யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, வெயிலுமுத்து தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாங்க. ஜெயில்ல போட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. போட்ட ஜட்ஜம்மா நல்லா இருக்கட்டும். பாதியில வெளிய விட்டாங்க பாருங்க, அதுலதான் எனக்கு ஆறல. நானே வாய் விட்டுக் கேட்டு வாங்குன ஜெயிலு அது. முழுசா இருக்க விட்டாங்களா? கழுத்தப் பிடிச்சுத் தள்ளாத குறையா வெளிய தள்ளிட்டாங்க. பண்ணுனது யாரு? கூடப் பிறந்தவ. எந்தங்கச்சி குருவம்மா.

கொஞ்சம் கிட்ட வாங்க. முன்னால லேடீஸ் சீட்டுல ஊதாச் சேலை கட்டி, மடியில தாம்பாளத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கால்ல, அதுதான் எம் வீட்டுக்காரி பொன்னுத்தாயி. இந்தக் கதையில அவளுக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கு. அத மட்டும் மெள்ளச் சொல்றேன்.

எங்க ஆத்தா வயித்துல நாங்க ரெண்டே பேரு. நானு, அவ. அவளுக்கு ஒரே மக, அனுசியா. அப்ப அந்தப் புள்ளைக்குத் தாய்மாமன்னு சொல்ல, வானத்துக்குக் கீழ நான் ஒருத்தன்தான். எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. தாய்மாமன் மாலை எடுத்துப் போட்டு, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் பொண்ணு மணவறை ஏறணும். மாமன் வராட்டி, "இவளுக்கு நாதி இல்லையா?"ன்னு சமையக்காரன் முதக்கொண்டு கேப்பான். அந்தப் பேச்சு அந்தப் புள்ளைக்குக் காலத்துக்கும் நிக்கும்.

அப்பேர்ப்பட்ட மாமனுக்கு என்ன மரியாதை? முதல் பாக்கு. கல்யாணம் நிச்சயமானா, புருசனும் பொண்டாட்டியுமா தாம்பாளத்துல வெத்தல பாக்கு, மஞ்சள், பத்திரிக்கை எல்லாம் வச்சு, முதமுதல்ல தாய்மாமன் வீட்டு வாசல்ல போயி நிக்கணும். அப்புறந்தான் அடுத்த வீடு. நான் சொல்றது சரிதானே?

போன வருசம் தை மாசம். உளுந்து பிடுங்குன நேரம். நானும் எம் வீட்டுக்காரியும் விடியக்காலம் வீட்டப் பூட்டிக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போயிட்டோம். உளுந்தஞ்செடியப் பரப்பிப் போட்டு, வண்டி ஏறுறதும் நாங்க புரட்டி விடுறதுமா, பொழுது சாயத்தான் திரும்புனோம். வந்து பாத்தா எங்க வெள்ளாடு கயித்த அவுத்துக்கிட்டு நிலைப்படியில நின்னு எதையோ மென்னுக்கிட்டிருக்கு. வெத்தலக் காம்பு ஒண்ணு வாயோரத்துல தொங்குது. பொன்னுத்தாயி ஆட்ட இழுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போயிட்டா. அது நின்ன இடத்துல ஒரு கொட்டைப்பாக்கு கிடந்துச்சு. எவன் மடியில இருந்து விழுந்துச்சோன்னு எடுத்துத் தொடச்சு வாயில போட்டுக்கிட்டு, மேலக் கழுவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

டீக்கடையில யாரு இருக்கான்? குருவம்மாளோட கொழுந்தன். எங்க ஊர்லதான் அவனும் குடியிருக்கான், ரெண்டு தெரு தள்ளி. கையில பத்திரிக்கை. "காலையில அண்ணனும் மதினியும் வந்து பாக்கு வச்சுட்டுப் போனாங்க"ன்னு இளிக்கான்.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க! ஊருக்குள்ள வந்திருக்கா. எனக்கு வைக்காம அவனுக்கு வச்சிருக்கா. முதல் பாக்கு கொழுந்தனுக்கு! பாக்க மென்னுக்கிட்டே எந்திருச்சேன். "அந்தக் கல்யாணப் பந்தல்ல எங்காலு பட்டா நான் எங்கப்பனுக்குப் பிறக்கல"ன்னு அத்தன பேரு முன்னாலயும் சொல்லிட்டேன். டீயக்கூடக் குடிக்கல. நான் கோவக்காரன் இல்ல அண்ணாச்சி, ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

மறுநாள் தாம்பாளத்தோட வந்தா. ரெண்டாம் பாக்கு! புருசன் பின்னால நிக்கான். "அண்ணே, நான் சொல்றதக் கேளு"ன்னா. நான் ஏன் கேக்கணும்? "முதல் பாக்கு போன வீட்டுக்கே போ தாயி"ன்னு கதவச் சாத்துனேன். மறுபடி தட்டுவான்னு கதவுக்குப் பின்னாலயே நின்னேன். தட்டல. அவ ரோசக்காரி, அண்ணாச்சி. எங்கிருந்துதான் அவளுக்கு அவ்வளவு ரோசம் வந்துச்சோ, எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது.

சரி. அந்த எரிச்சலோட ரோட்டுக்குப் போனா உளுந்தக் கொஞ்சம் அகலமாப் பரப்பிட்டேன் போல. சுத்திக் கல்லும் வச்சுட்டேன். டவுன் பஸ்காரன் வந்து ஒதுங்கச் சொன்னான். நீ ஒதுங்கிப் போன்னேன். அவன் ஒண்ணு சொல்ல, நான் ரெண்டு சொல்ல, பஸ்ஸு நின்னுருச்சு. பின்னால லாரி, லாரிக்குப் பின்னால வேன், அதுக்கும் பின்னால சைரன் வச்ச ஜீப்பு. எவரோ பெரிய அதிகாரி. அவரும் இறங்கி வந்தாரு. அவரையும் ஒதுங்கிப் போகச் சொன்னேன்.

கேஸு ஆயிப்போச்சு. பொதுப் பாதைய மறிச்சதாக் கேஸு.

மாசி மாசம் கோர்ட்டுக்கு வரச் சொன்னாங்க. அதுக்குள்ள உளுந்து வீடு சேந்து, கொத்தமல்லி அறுப்பும் வந்துருச்சு. கோர்ட்டு அன்னைக்குக் காலையில மல்லியக் கொண்டுபோயி ரோட்டுல பரப்பிட்டுத்தான் பஸ் ஏறுனேன். ஆமா, அதே ரோட்டுலதான். எங்களுக்கு வேற ரோடு ஏது? வக்கீலு எபனேசர் சொல்லியிருந்தாரு. "குத்தத்த ஒத்துக்கிடுங்க. அபராதத்தோட போயிரும். கட்டிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம்"னு. பொன்னுத்தாயி பணத்த எஞ்சட்டைப் பைக்குள்ள வச்சு ஊக்குக் குத்தி அனுப்புனா. அனுப்புனவ சும்மா இருந்தாளா, பின்னாலயே அவளும் வந்துட்டா.

ஜட்ஜம்மா சின்ன வயசுதான். மூக்கு மேல கண்ணாடி. "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"ன்னாங்க. ஒத்துக்கிடுதேன்னேன். "ஐயாயிரம் ரூபா அபராதம். கட்டத் தவறினா ஒரு மாசம் வெறுங்காவல்."

எபனேசர் காதக் கடிச்சேன். "வெறுங்காவல்னா?"

"உள்ள சும்மா இருக்கணும். வேலை கொடுக்க மாட்டாங்க. உமக்கு என்னத்துக்கு அது, பணத்த எடும்."

ஊக்க அவுக்கப் போனேன் அண்ணாச்சி. சத்தியமா அவுக்கத்தான் போனேன். அப்பத்தான் மண்டையில பளிச்சுன்னுச்சு. ஒரு மாசமா எனக்கு ஒரே யோசனைதான். பந்தலுக்குப் போனா, டீக்கடையில விட்ட சவால் போச்சு. போகாட்டி, அந்தப் புள்ள மாமன் இல்லாம மணவறை ஏறணும், ஊரு எம் மூஞ்சியில துப்பும். ராத்திரி பூராம் உருண்டு உருண்டு படுக்கேன், வழி தெரியல. இங்கன பாருங்க, ஜட்ஜம்மாவே வழி காட்டுறாங்க! ஜெயில்ல கிடக்கிறவன எவன் குத்தம் சொல்லுவான்? "பாவம், மாமன் உள்ள இருக்காரு, இல்லாட்டி வராம இருப்பாரா?"ன்னு ஊரே பரிதாபப்படும். சவாலும் நிக்கும், பேரும் நிக்கும்.

ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா ஒண்ணு இடிக்கி. பங்குனியில கல்யாணம். ஒரு மாசம் உள்ள இருந்தா, கல்யாணத்துக்கு மூணு நாளைக்கு முந்தியே வெளிய விட்டுருவாங்க. கையக் கூப்புனேன்.

"அம்மா, ஒரு மாசம் பத்தாது. ஆறு மாசமாப் போட்டுக் கொடுங்க."

கோர்ட்டே கொல்லுன்னு சிரிச்சுருச்சு. எபனேசர் எஞ்சட்டையப் பிடிச்சு இழுக்காரு. ஜட்ஜம்மா கண்ணாடியக் கழட்டுனாங்க.

"ஐயா, அபராதம் கட்ட முடியாதவங்க எத்தனையோ பேர் அந்த இடத்துல நின்னு அழுதிருக்காங்க. கூட்டிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். இந்தக் குற்றத்துக்குச் சட்டத்துல ஜெயிலே கிடையாது, அபராதம் மட்டும்தான். அதைக் கட்டாததுக்குத்தான் இந்தக் காவல். அதுக்கும் வரம்பு இருக்கு. ஐயாயிரம் வரைக்கும் ரெண்டு மாசம். அதுக்கு மேல நான் நினைச்சாலும் எழுத முடியாது. காசு இல்லாத ஒரே காரணத்துக்காக ஒருத்தன் காலமெல்லாம் உள்ள கிடக்கக் கூடாதுன்னு வச்ச வரம்பு அது."

"காசு இருக்கும்மா. அது பிரச்சினை இல்ல. அந்த ரெண்டு மாசத்தையாவது குறைக்காமக் கொடுங்க."

"பேரம் பேச இது சந்தையா?"

"கொடுக்காட்டி நாளைக்கு இந்தக் கோர்ட்டு வாசல்லயே மல்லியப் பரப்புவேம்மா."

அந்தம்மா என்னைய ஒரு பார்வை பாத்துட்டுப் பேனாவ எடுத்தாங்க. "ரெண்டு மாசம். இன்னொண்ணையும் கேட்டுக்கோங்க. பணம் கட்டின நிமிஷமே விட்டுருவாங்க. ஒரு பகுதி கட்டினாலும் அதுக்குத் தக்கபடி நாள் குறையும். புரிஞ்சுதா?"

"நான் கட்ட மாட்டேம்மா."

"புரிஞ்சுதான்னு கேட்டேன்."

"நல்லாப் புரிஞ்சுதும்மா"ன்னு பெரிய கும்பிடாப் போட்டேன். என்ன புரிஞ்சுது? நான் கட்டுனாத்தானே நாள் குறையும், நான் கட்டப் போறதில்ல. இதுக்கு மேல இதுல புரிய என்ன இருக்குன்னு இருந்துட்டேன்.

பணத்த ஊக்கோட பொன்னுத்தாயி கையில கொடுத்தேன். "நீ போயி இதக் கட்டுனேன்னா, உங்கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்"னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன். அவ அழுவான்னு பாத்தேன். "ரோட்டுல கிடக்க மல்லிய யாரு அள்ளுவா?"ன்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னுச்சு. மல்லியச் சுத்தமா மறந்துட்டேன் அண்ணாச்சி. அதுக்குள்ள போலீஸ்காரர் தோளத் தொட்டுட்டாரு.

சப்ஜெயிலு மோசம்னு சொல்ல மாட்டேன். வேளாவேளைக்குச் சோறு. வார்டர் சிக்கந்தர் அருமையான மனுசன். ஆனா சும்மா இருக்கிறது இருக்கே, அதப்போல ஒரு தண்டனை கிடையாது. கையும் காலும் நமநமங்குது. முத்தத்தக் கூட்டுறேன்னேன், கூடாதுன்னாரு. அரிசியிலயாவது கல்லுப் பொறுக்குறேன்னேன். "வெறுங்காவல்காரன்கிட்ட வேலை வாங்குனா எஞ்சோலி போயிரும், பேசாம உக்காரும்"னுட்டாரு. பகல் பூராம் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். மல்லி காய்ஞ்ச வாசம் அடிக்கிற மாதிரியே இருக்கும்.

பொன்னுத்தாயி பாக்க வருவா. "மல்லி என்னாச்சு?"ன்னு கேப்பேன். "அள்ளியாச்சு"ம்பா. அதுக்கு மேல வாயத் திறக்க மாட்டா. அவ கல்யாணத்தப் பத்திப் பேசுனா நான் மூஞ்சியத் திருப்பிக்கிடுவேன். எனக்கென்ன வந்துச்சு? சும்மா, பேச்சுக்குப் பேச்சு கேப்பேன். பந்தக்கால் என்னைக்கு? பொண்ணுக்கு என்ன கலர்ல முகூர்த்தப் பட்டு? சமையலுக்கு யாரு? மாலை யாரு போடுறாளாம்? "யாரும் போடல"ம்பா. "யாரும் போடாம எப்படி? கொழுந்தனப் போடச் சொல்ல வேண்டியதுதானே, முதல் பாக்கு வாங்குனவன்!"ன்னு நான் குதிப்பேன். சிக்கந்தர் வந்து சத்தத்தக் குறையும்பாரு.

சீருக்குன்னு அந்தப் புள்ளைக்கு நான் முன்னாடியே ஒரு செயின் செஞ்சு பீரோவுல வச்சிருந்தேன். "அத வித்துப்போடு"ன்னேன் அவகிட்ட. சரின்னுட்டுப் போயிட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. அடுத்த தடவை வந்தவகிட்ட முதல்ல அதத்தான் கேட்டேன். விக்கலையாம். "சொன்ன பேச்சக் கேக்கியா நீ?"ன்னு சத்தம் போட்டுட்டு, அவ கொண்டாந்த முறுக்கு பூராத்தையும் தின்னேன்.

அப்படி இருக்கையில ஒருநாளு சிக்கந்தர் வந்து, "அண்ணாச்சி, உம்ம பேருக்குக் கோர்ட்டுல கொஞ்சம் பணம் கட்டியிருக்கு. உமக்குப் பத்து நாள் குறைஞ்சிருச்சு, சந்தோசமா?"ங்காரு.

எந்திருச்சு ஓடிப்போயி கம்பியப் பிடிச்சேன். "யாரு கட்டுனா? எவன்யா எஞ்ஜெயிலத் திருடுறது?"

"யாரு கட்டுனா என்ன? கட்டுனது கட்டுனதுதான்."

"நான் இருக்கேன்ல! எனக்கு வேண்டாம், திருப்பிக் கொடுங்க."

"ஓய், அபராதத்த வசூல் பண்ணத்தான் உம்மைய உள்ள வச்சிருக்கு. வசூல் ஆனதுக்கு அப்புறம் உம்மைய வச்சு நாங்க என்ன செய்ய?"

பாத்தீங்களா சட்டத்த! எனக்குக் கொடுத்த தண்டனை, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எவனோ வந்து குறைச்சுக்கிடலாமாம். இது ஞாயமா? கணக்குப் போட்டேன். பத்து நாள் போனாலும் கல்யாணத்து அன்னைக்கு நான் உள்ளதான் இருப்பேன். அப்பாடான்னு சுவத்துல சாஞ்சேன். சாஞ்சாலும் மனசு சாயல. பந்தக்கால் நட்டுருப்பாங்க. முளைப்பாரி போட்டுருப்பாங்க. அந்தப் புள்ள மஞ்சத் தேச்சுக் குளிச்சுட்டு, வாசலப் பாத்துக்கிட்டு இருக்கும். சின்னப் புள்ளையில பள்ளிக்கூடம் விட்டு நேரா எந்தோள்ல ஏறுன புள்ள அண்ணாச்சி. எனக்கு என்னவோ பண்ணுச்சு. ஜெயில் சோறு ஒத்துக்கிடலன்னு சிக்கந்தர்கிட்ட சொன்னேன்.

கல்யாணத்துக்கு முந்துன நாளு. காலையில சிக்கந்தர் சாவியக் குலுக்கிக்கிட்டு வாராரு. "மீதியும் கட்டியாச்சு. துணிமணிய எடும்."

"நான் போக மாட்டேன்."

"இதென்ன கல்யாண மண்டபமா, ரூம் போட்டுத் தங்க?"

"உம்மைய ஒரு அறை விடட்டுமா? அதுக்கு எத்தன நாளு கொடுப்பாங்க?"

"அது வேற கேஸு. அதுக்கு அபராதமெல்லாம் கிடையாது, நேரா உள்ளதான்"னு சிரிச்சுக்கிட்டே எம் பைய எடுத்து எங்கையில கொடுத்தாரு. "தானாடாட்டாலும் தன் தசை ஆடும்பாங்க, போம்யா. வாசல்ல ஆள் நிக்கி."

போயிப் பாத்தா குருவம்மா.

தலையில எண்ணெய் இல்ல. நகக்கண்ணெல்லாம் பச்சை. நாளைக்கு மகளுக்குக் கல்யாணம், இவ மேல மல்லி வாசம் அடிக்கி. பக்கத்துல என் வீட்டுக்காரி, எதுவும் தெரியாத மாதிரி மரத்துல காக்காய எண்ணிக்கிட்டு நிக்கா.

"எவ காசுல என்னைய வெளிய எடுத்தே?"ன்னேன்.

"உங்காசுல"ன்னா.

"எங்காசா?"

"நீ பாட்டுக்கு ஜெயிலக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போயி உக்காந்துட்டே. ரோட்டுல மல்லி பனியில நனையுதுன்னு மதினி போனு போட்டாக. நாங்க வந்து அள்ளுனோம். அடிச்சு, புடைச்சு, ரெண்டு தவணையா சந்தையில போட்டோம். அந்தக் காசத்தான் கட்டுனேன். மதினி கட்டல, உங்கிட்டப் பண்ணுன சத்தியத்துல குத்தமில்ல. எங்காசும் கட்டல, உன் ரோசத்துலயும் குத்தமில்ல. போதுமா?"

எந்த மல்லியப் பரப்புவேன்னு ஜட்ஜம்மாவ மிரட்டுனேனோ, அந்த மல்லிய வச்சே என்னைய வெளிய எடுத்துட்டா! இருந்தாலும் விட முடியுமா?

"முதல் பாக்க ஏண்டி கொழுந்தனுக்கு வச்சே?"

அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டா. ஜெயில் வாசல்னுகூடப் பாக்கல. "கொழுந்தனுக்கா வச்சேன்? விடிஞ்சும் விடியாம முதப் பஸ்ஸப் பிடிச்சு, நேரா உன் வீட்டு வாசல்ல வந்துதான் நின்னோம். வீடு பூட்டிக் கிடக்கு. நீ ரோட்டுல உளுந்து கூட நிக்கே! பூட்டுன வீடுன்னு திரும்பிப் போக மனசு வரல. நிலைப்படியில வெத்தலையும் ஒரு கொட்டைப்பாக்கும் வச்சு, எங்கண்ணனுக்குத்தான் முதல் பாக்குன்னு விழுந்து கும்பிட்டுட்டுத்தான் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். மறுநாள் சொல்ல வந்தா மூஞ்சியில கதவச் சாத்துறே. நான் எதுக்குச் சொல்லணும்? கேட்டியா நீ? ஒரு வார்த்தை கேட்டியா?"ன்னு சொல்லிக்கிட்டே குமுறிக் குமுறி அழுதுட்டா.

கொஞ்சம் குனிங்க அண்ணாச்சி. இதத்தான் மெள்ளச் சொல்லணும்னேன்.

எனக்கு நாக்கு அடியில அந்தப் பாக்கோட துவர்ப்பு அப்படியே வந்து நின்னுச்சு. எனக்கு வச்ச முதல் பாக்கு, என் வாய்க்குள்ளதான் இருந்திருக்கு! அத மென்னுக்கிட்டேதான் டீக்கடையில, முதல் பாக்கு வரலன்னு சவால் விட்டுருக்கேன். நல்ல பாக்கு வேற. அன்னைக்கே நெனச்சேன், வழியில கிடக்க பாக்கு மாதிரி இல்லையேன்னு.

"நிலைப்படியில ஒண்ணும் இல்லையே"ன்னு பொன்னுத்தாயி இழுத்தா. நான் முந்திக்கிட்டேன். "ஆடு தின்னுருக்கும்"னுட்டேன். பாதி நெசந்தானே? வெத்தலைய அதுதான் தின்னுச்சு. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் அந்த ஆட்டத்தான் திட்டுதாளுக. ஆட்டுக்கு என்ன வந்துச்சு, அது எதையும் மனசுல வச்சுக்கிடாது. பாக்கு மேல இன்னாருக்குன்னு எழுதியா இருந்துச்சு, நீங்களே சொல்லுங்க. வீடு வரைக்கும் வந்தவ, இன்னும் நாலு எட்டு நடந்து ரோட்டுக்கு வந்திருக்கலாமா இல்லையா? அவ மேல இன்னும் எனக்குக் கோவந்தான்.

கல்யாணமா? பின்ன, போகாம? டீக்கடையில விட்ட சவாலு என்னாச்சுங்கீங்களா? எங்காலு பந்தல்ல பட்டாத்தானே! வாசல்ல இருந்து மணவறை வரைக்கும் ஜமுக்காளம் விரிச்சுட்டா குருவம்மா. புது வேட்டி சட்டை. அன்னைக்கு ஊக்குக் குத்துன காசுல பொன்னுத்தாயி எடுத்து வச்சது. மாலையக் கையில வாங்கிக்கிட்டுப் போனேன். அந்தப் புள்ள எங்கையப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க வராட்டி எந்திரிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் மாமா"ன்னுச்சு. அழுதேன் அண்ணாச்சி. அத்தன சனத்துக்கு முன்னால சின்னப் புள்ள கணக்கா அழுதேன். ஓமப் புகையின்னு யாரும் நெனச்சிருக்க மாட்டாங்க, அப்ப அத மூட்டவே இல்ல.

இப்ப எங்கன போறேன்னு கேக்கீங்களா? வெளியூர்ல வேலை பாக்குற எம்மகனுக்குக் கல்யாணம். முதல் பாக்கு குருவம்மாளுக்கு. முதல் பாக்கு எப்படி வைக்கணும்னு அவளுக்குக் காட்டிக் கொடுக்கத்தான் போறேன். வீடு பூட்டிக் கிடந்தா அவ வார வரைக்கும் வாசல்லயே உக்காந்திருப்பேன். அவ பாக்க, அவ கையில கொடுத்துட்டுத்தான்...

ஏன் பஸ்ஸு நிக்கி? என்னப்பா டிரைவரு? மல்லி பரப்பியிருக்கா? பாதி ரோட்டுக்கா? கல்லு வேற வச்சிருக்கா? யாரு அது, முந்தானைய இடுப்புல செருகிக்கிட்டு டிரைவரக் கைய நீட்டிப் பேசுறது?

அட! பாத்தீங்களா அண்ணாச்சி, பாத்தீங்களா! கொழுப்பப் பாத்தீங்களா! இத்தனை நடந்தும் புத்தி வந்துச்சா அவளுக்கு? நான் சொல்லலை, ரோசக்காரின்னு? ஏய் பொன்னுத்தாயி, தாம்பாளத்தத் தூக்கு, இங்கனயே இறங்கு. வீட்டுக்கு எதுக்கு, ஆள்தான் இங்கன நிக்காள்ல. நடு ரோட்டுலயே பாக்கக் கொடுத்துருவோம்.

வாரேன் அண்ணாச்சி. டிரைவரே, நீரு அவகிட்டப் பேசி ஜெயிக்க முடியாது, பேசாம மெள்ள ஏத்திட்டுப் போரும். மல்லியும் நல்லா உதிரும். போலீஸ்ல சொல்லப் போறீரா? சொல்லும், தாராளமாச் சொல்லும். அவளுக்கும் அபராதம் போடட்டும். அவ கட்ட மாட்டா, உள்ளதான் போவா, எனக்குத் தெரியும். நான்தான் போயிக் கட்டி வெளிய எடுப்பேன். வேற யாரு இருக்கா அவளுக்கு?